ஒரே உதையால் நிறுக்கப்பட்ட வாழ்க்கை: ஸ்கொட் நோர்வூட்டும் பஃபலோ நகரும்

ஒரு மனிதரின் பல வருட உழைப்பை உலகம் எதைக்கொண்டு அளக்கின்றது என்ற கேள்விக்கு விளையாட்டுத்துறை சில வேளைகளில் மிகக் கடுமையான பதிலை வழங்கிவிடுகின்றது. ஏழு பருவங்கள் ஒரே கழகத்துக்காக விளையாடி, அன்றைய நிலையில் அக்கழகத்தின் வரலாற்றிலேயே அதிக புள்ளிகளைப் பெற்றுக்கொடுத்த வீரராகத் திகழ்ந்த ஒருவர், 1991 ஆம் ஆண்டு ஜனவரி 27 ஆம் திகதி இரவு தவறவிட்ட ஒரேயொரு உதைக்காகவே இன்றுவரை நினைவுகூரப்படுகின்றார். அவர் பெயர் ஸ்கொட் நோர்வூட். அமெரிக்க உதைபந்தாட்டத்தில் பஃபலோ பில்ஸ் கழகத்தின் உதையாளராக விளங்கியவர்.

எமது வாசகர்களில் பெரும்பாலானோர் அமெரிக்க உதைபந்தாட்டத்தைப் பார்ப்பவர்கள் அல்லர். எனினும் நோர்வூட்டின் கதையில் விளையாட்டுக்கு அப்பாற்பட்ட ஒரு விடயம் பொதிந்துள்ளது. கூட்டாகச் செய்யப்படும் ஒரு முயற்சி தோல்வியில் முடியும்போது, இறுதிக் கணத்தில் முன்னே நின்றவர் மீது முழுப் பழியையும் சுமத்துவது நியாயமானதா என்பதே அதுவாகும். அதனைப் புரிந்துகொள்வதற்கு முதலில் இவ்விளையாட்டில் உதையாளரின் இடம் எத்தகையது என்பதை நோக்குவது அவசியமாகும்.

உதையாளரின் பணி

பெயரில் உதைபந்தாட்டம் என்றிருப்பினும், அமெரிக்க உதைபந்தாட்டத்தில் காலுக்குக் கிடைக்கும் வேலை மிகச் சொற்பமானது. றக்பியிலிருந்து கிளைத்த இவ்விளையாட்டில் பந்து பெரும்பாலும் கையிலேயே இருக்கும். அணியொன்றுக்கு 11 பேர் வீதம் 100 யார் நீளமான களத்தில் மோதுகின்றனர். பந்தை வைத்திருக்கும் அணி 10 யார் முன்னேறுவதற்கு நான்கு வாய்ப்புகளைப் பெறுகின்றது. எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்தால் அது டச்டவுன். அதற்கு 6 புள்ளிகள். அதனைத் தொடரும் மேலதிக உதைக்கு ஒரு புள்ளி. எல்லையை எட்ட இயலாதபோது, இருந்த இடத்திலிருந்தே பந்தை உதைத்து, கோல் கம்பங்களுக்கு இடையே செலுத்தினால் 3 புள்ளிகள் கிடைக்கும். இதனை பீல்ட் கோல் என்பர்.

இக்கம்பங்கள் ஒன்றுக்கொன்று 18 அடி 6 அங்குல இடைவெளியில் நிற்கின்றன. அவற்றை இணைக்கும் குறுக்குக் கம்பம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் உள்ளது. பந்து அதற்கு மேலாகவும், இரு கம்பங்களுக்கு உட்பட்டும் செல்ல வேண்டும். களத்தின் எல்லைக்கு 10 யார் பின்னாலேயே கம்பங்கள் அமைந்திருப்பதனால், உதைக்கும் தூரம் எப்பொழுதும் களத்தில் பந்து இருக்கும் தூரத்தைவிட அதிகமாகவே அமைகின்றது.

உதை என்பது ஒருவரின் செயலாகத் தோன்றினாலும் அது மூவரின் கூட்டு முயற்சியாகும். ஒருவர் குனிந்து நின்று கால்களின் இடையே பந்தைப் பின்னோக்கி எறிகின்றார். ஏழெட்டு யார் பின்னால் முழந்தாளிட்டிருக்கும் மற்றொருவர் அதனைப் பிடித்து, பந்தின் தையல் உதையாளரின் பக்கம் வராதவாறு திருப்பி, நிலத்தில் நிறுத்தி விரலால் பிடித்துக்கொள்கின்றார். உதையாளர் ஓரிரு எட்டில் வந்து உதைக்கின்றார். பந்து எறியப்பட்டது முதல் உதைக்கப்படுவது வரையான இவ்வளவும் ஏறத்தாழ 1.3 செக்கன்களில் முடிவடைந்துவிட வேண்டும். தாமதித்தால், பாய்ந்து வரும் எதிரணியினரின் கைகள் பந்தைத் தடுத்துவிடும்.

மூன்று மணித்தியாலங்களுக்கு மேல் நீடிக்கும் ஓர் ஆட்டத்தில் உதையாளர் களத்தில் நிற்கும் நேரம் ஒரு சில நிமிடங்கள்கூட இல்லை. ஏனையோர் சேற்றிலும் இரத்தத்திலும் புரளும்போது, அவர் பக்கக் கோட்டின் அருகே வலையொன்றுக்குள் பந்தை உதைத்துப் பழகிக்கொண்டிருப்பார். இதனால் சக வீரர்கள் மத்தியிலேயே அவர் ஒரு வெளியாளாகவே கருதப்படுவதுண்டு. ஆனால் ஆட்டத்தின் முடிவு ஓரிரு புள்ளிகளில் தொங்கும்போது அனைவரின் உழைப்பும் அவரது ஒரு காலில் வந்து நிற்கின்றது.

இத்தொழிலில் நிரந்தரம் என்பது கிடையாது. ஒரு கழகத்துக்கு ஓர் உதையாளரே தேவைப்படுகின்றார். தேசிய உதைபந்தாட்ட லீக்கில் தற்போது 32 கழகங்கள் உள்ளன. ஆகவே நாடு முழுவதற்கும் இத்தொழிலில் உள்ள இடங்களும் ஏறத்தாழ 32 தான். இரண்டு வாரங்கள் தொடர்ந்து தவறினால், அடுத்த வாரமே வேறு சிலர் பரீட்சைக்கு அழைக்கப்படுவர். 1983 ஆம் ஆண்டு நியூயோர்க் ஜயன்ட்ஸ் கழகத்தில் அறிமுகமான அலி ஹாஜி ஷேக் என்பவர் தமது முதற் பருவத்திலேயே 35 பீல்ட் கோல்களைப் பெற்று அந்நாளைய லீக் சாதனையை ஏற்படுத்தினார். அவ்வாறானவருக்கும் 1987 ஆம் ஆண்டுப் பருவமே கடைசிப் பருவமாக அமைந்தது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

அகதிகள் மாற்றிய உதை

1960 களின் நடுப்பகுதி வரை உதையாளர்கள் நேராக ஓடிவந்து பெருவிரல் நுனியால் பந்தை உதைப்பதே வழக்கமாக இருந்தது. இவ்வழக்கத்தை மாற்றியவர் பீற் கோகொலாக் என்ற ஹங்கேரிய இளைஞர். 1956 ஆம் ஆண்டு ஹங்கேரிய எழுச்சி சோவியத் படைகளால் நசுக்கப்பட்டதை அடுத்து அவரது குடும்பம் நாட்டைவிட்டுத் தப்பி அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தது. அங்கு அவர் சேர்ந்த பாடசாலையில் அவருக்குத் தெரிந்த உதைபந்தாட்டம் இருக்கவில்லை. எனவே அமெரிக்கர்களின் முட்டை வடிவப் பந்தைத் தமக்குத் தெரிந்த முறையிலேயே, பக்கவாட்டில் ஓடிவந்து பாதத்தின் மேற்புறத்தால் உதைத்தார். கண்டவர்கள் முதலில் வியந்தனர், பின்னர் பின்பற்றினர்.

1964 ஆம் ஆண்டு கோகொலாக்கைத் தொழில்முறை ஆட்டத்துக்குள் கொண்டுவந்த கழகம் பஃபலோ பில்ஸ் ஆகும். 1966 ஆம் ஆண்டு மே மாதம் அவர் போட்டி லீக்கைச் சேர்ந்த நியூயோர்க் ஜயன்ட்ஸ் கழகத்துக்கு மாறியமை, இரு லீக்குகளுக்கும் இடையே வீரர்களை ஆசைகாட்டி இழுக்கும் போரைத் தீவிரப்படுத்தியது. அதற்கு அடுத்த மாதமே இரு லீக்குகளும் இணைவதாக அறிவித்தன. அந்த இணைப்பின் விளைவாகவே சுப்பர் போல் எனப்படும் மகுடப் போட்டி பிறந்தது. ஓர் அகதி இளைஞரின் கால் அமெரிக்க விளையாட்டுத்துறையின் அமைப்பையே அசைத்தது என்று கூறினால் அது மிகையாகாது.

அவரைத் தொடர்ந்து சைப்பிரஸில் பிறந்த ஆர்மேனியரான காரோ யெப்ரெமியன், நோர்வேயிலிருந்து பனிச்சறுக்குப் புலமைப்பரிசிலில் வந்த யான் ஸ்ரெனெரூட், டென்மார்க்கின் மோர்ட்டன் அன்டர்சன் எனப் பலர் வந்து சேர்ந்தனர். இவர்களுள் ஸ்ரெனெரூட், 1991 ஆம் ஆண்டு இவ்விளையாட்டின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்ட முதலாவது முழுநேர உதையாளர் ஆவார். 1980 களின் நடுப்பகுதி ஆகும்போது பழைய நேர் உதைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. நோர்வூட்டும் பாடசாலைக் காலத்தில் உதைபந்தாட்டம் ஆடிப் பழகி, இப்புதிய முறையிலேயே வளர்ந்தவர்.

சிரமப்பட்டு அடைந்த இடம்

1960 ஆம் ஆண்டு வேர்ஜீனியா மாநிலத்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் பிறந்த நோர்வூட், ஜேம்ஸ் மடிசன் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1982 ஆம் ஆண்டு லீக்கின் வீரர் தெரிவில் எந்தக் கழகமும் அவரைத் தெரிவு செய்யவில்லை. அட்லாண்டாக் கழகம் அவரைப் பயிற்சிக்கு எடுத்துப் பின்னர் விலக்கிவிட்டது. புதிதாகத் தோன்றியிருந்த மற்றொரு லீக்கில், பேர்மிங்ஹாம் கழகத்துக்காக இரு பருவங்கள் ஆடினார். 1985 ஆம் ஆண்டு, பல போட்டியாளர்களை முந்திக்கொண்டு பஃபலோ பில்ஸ் கழகத்தில் இடம்பிடித்தார்.

அவர் சேர்ந்தபோது அக்கழகம் லீக்கின் அடிமட்டத்தில் கிடந்தது. 1984 ஆம் ஆண்டிலும் 1985 ஆம் ஆண்டிலும் 16 ஆட்டங்களில் இரண்டை மாத்திரமே வென்றிருந்தது. நகரின் நிலையும் அதைப்போன்றதே. ஏரி ஈரியின் கரையில், கனடிய எல்லையை ஒட்டி அமைந்துள்ள பஃபலோ, ஒரு காலத்தில் எஃகு ஆலைகளால் செழித்த நகரமாகும். 1980 களின் ஆரம்பத்தில் ஆலைகள் மூடப்பட, ஆயிரக்கணக்கானோர் தொழில் இழந்தனர். கடும்பனிக்கும் வறுமைக்கும் பெயர்போன நகரென நாட்டின் ஏனைய பகுதியினர் அதனை ஏளனம் செய்தனர். அந்நகர மக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முதுமாணிப் பட்டம் பெற்ற மார்வ் லெவி 1986 ஆம் ஆண்டின் இறுதியில் தலைமைப் பயிற்றுநராகப் பொறுப்பேற்றதை அடுத்துக் கழகம் எழுச்சியுற்றது. 1988 ஆம் ஆண்டு 16 ஆட்டங்களில் 12 ஐ வென்றது. அப்பருவத்தில் நோர்வூட் 37 முயற்சிகளில் 32 பீல்ட் கோல்களைப் பெற்று, 129 புள்ளிகளுடன் லீக்கின் சிறந்த உதையாளராகத் தெரிவானார். அவ்வாண்டு நவம்பர் மாதம் நியூயோர்க் ஜெற்ஸ் கழகத்துக்கு எதிரான ஆட்டத்தின் மேலதிக நேரத்தில் அவர் உதைத்த பந்தே கழகத்துக்குப் பிரிவு வெற்றியைத் தேடித்தந்தது. மகிழ்ச்சி மேலீட்டால் களத்துக்குள் இறங்கிய இரசிகர்கள் கோல் கம்பங்களையே பிடுங்கிச் சாய்த்தனர். அன்று நகரின் நாயகன் அவரே.

தம்பாவில் அந்த இரவு

1991 ஆம் ஆண்டு ஜனவரி 27 ஆம் திகதி புளோரிடா மாநிலத்தின் தம்பா நகரில் 25 ஆவது சுப்பர் போல் இடம்பெற்றது. வளைகுடா யுத்தம் ஆரம்பமாகிப் பத்து நாட்களே கடந்திருந்தன. மைதானத்தின் நுழைவாயில்களில் இரசிகர்கள் கடும் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். பஃபலோ பில்ஸ் அதற்கு முந்திய வாரம் ரெய்டர்ஸ் கழகத்தை 51 - 3 என்று நொறுக்கிவிட்டு வந்திருந்தது. நியூயோர்க் ஜயன்ட்ஸ் கழகமோ சான் பிரான்சிஸ்கோவை 15 - 13 என்ற கணக்கில் மயிரிழையில் வென்று வந்திருந்தது. அந்த 15 புள்ளிகளையும் ஐந்து பீல்ட் கோல்களால் பெற்றுக்கொடுத்தவர் அக்கழகத்தின் உதையாளர் மற் பார். 1950 ஆம் ஆண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் இங்கிலாந்தை 1 - 0 என வீழ்த்தி உலகையே திகைக்கவைத்த அமெரிக்க அணியில் ஆடிய வோல்ற்றர் பார் என்பவரின் புதல்வரே இவர்.

ஆட்டம் ஜயன்ட்ஸ் கழகத்தின் விருப்பப்படி நகர்ந்தது. பில்ஸ் கழகத்தின் வேகமான தாக்குதலைத் தடுப்பதற்குச் சிறந்த வழி, அவர்களுக்குப் பந்தையே கொடுக்காதிருப்பதுதான் என ஜயன்ட்ஸ் பயிற்றுநர்கள் திட்டமிட்டிருந்தனர். 60 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடங்களுக்கு மேல் பந்து அவர்களிடமே இருந்தது. மூன்றாவது காற்பகுதியில் ஜயன்ட்ஸ் வீரர் மார்க் இங்ராம், பிடிக்க முயன்ற பில்ஸ் வீரர்கள் பலரிடமிருந்து ஒருவர் பின் ஒருவராகத் தப்பி, தேவையான தூரத்தைக் கடந்தார். அவர் அப்போது வீழ்த்தப்பட்டிருந்தால் அந்த நகர்வு அங்கேயே முடிவடைந்திருக்கும். மாறாக ஒன்பதரை நிமிடங்கள் நீடித்த அந்த நகர்வு டச்டவுனில் முடிந்தது. நான்காவது காற்பகுதியில் மற் பார் உதைத்த 21 யார் பீல்ட் கோல் ஜயன்ட்ஸை 20 - 19 என முன்னிலைப்படுத்தியது.

ஆட்டம் முடிய 2 நிமிடமும் 16 செக்கன்களும் இருக்கையில், தமது எல்லையிலிருந்து 10 யார் தூரத்தில் பில்ஸ் கழகம் பந்தைப் பெற்றது. அங்கிருந்து படிப்படியாக முன்னேறி ஜயன்ட்ஸின் 29 யார் கோட்டை அடைந்தபோது எஞ்சியிருந்தவை 8 செக்கன்கள். நோர்வூட் அழைக்கப்பட்டார். கோட்டிலிருந்து 29 யார், அதன் பின்னால் கம்பம் வரை 10 யார், பந்தை நிறுத்துவதற்குப் பின்வாங்கும் 8 யார். மொத்தம் 47 யார். அதாவது ஏறத்தாழ 43 மீற்றர்.

அந்த 47 யார் என்பது எளிதான தூரமன்று என்பதைச் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. பில்ஸின் சொந்த மைதானம் செயற்கைத் தரையைக் கொண்டது. தம்பா மைதானமோ இயற்கைப் புற்றரை. அங்கு கால் ஊன்றுவதும் பந்து நிற்பதும் வேறுபடும். இன்றைய உதையாளர்கள் மிகத் துல்லியமாக உதைக்கின்றனர். ஆனால் அக்காலத்தில் புற்றரையில் இத்தூரத்திலிருந்து உதைப்பதை எவரும் உறுதியான புள்ளிகளாக எண்ணியதில்லை. எனினும் ஒரு நகரமே மூச்சடக்கிக் காத்திருக்கும்போது இக்கணக்குகளை யார் நினைப்பர்?

பந்து எறியப்பட்டது, பிராங்க் றைக் அதனைப் பிடித்து நிறுத்தினார், நோர்வூட் உதைத்தார். பந்து உயரமாகவும், வேண்டிய தூரம் வரைக்கும் சென்றது. ஆனால் இடப்பக்கமாக வளைந்து உள்ளே வரவேண்டிய பந்து வளையவில்லை. வலப்பக்கக் கம்பத்துக்கு வெளியே கடந்து சென்றது. தொலைக்காட்சி வர்ணனையாளர் கூறிய "வைட் ரைட்" என்ற இரு சொற்கள், வலப்பக்கம் விலகிவிட்டது என்ற பொருளில், பஃபலோ நகரின் துயரத்துக்கே பெயராகிவிட்டன. கடிகாரத்தில் இன்னும் 4 செக்கன்கள் இருந்தன. ஆனால் ஆட்டம் முடிந்துவிட்டது.

மறைந்து கொள்ளாத மனிதர்

தோல்வியடைந்தவர் ஒருவர் இவ்வேளையில் செய்யக்கூடியது, கதவைச் சாத்திக்கொண்டு ஒதுங்கிவிடுவதேயாகும். நோர்வூட் அவ்வாறு செய்யவில்லை. வீரர்களின் அறையில் தமது இடத்திலேயே நின்று, சூழ்ந்துகொண்ட பத்திரிகையாளர்களின் கேள்விகளுக்கு நீண்ட நேரம் பதிலளித்தார். ஒரே கேள்வி பலமுறை கேட்கப்பட்டபோதும் பொறுமையிழக்கவில்லை. பந்தை எறிந்தவரையோ நிறுத்தியவரையோ தரையையோ குறைகூறவில்லை. தாம் அணியைக் கைவிட்டுவிட்டதாக ஏற்றுக்கொண்டார். அவரது சக வீரர்கள் சிலரோ, தாம் பிடிக்கத் தவறிய தருணங்களைக் கூறி, தோல்வியில் தமக்கும் பங்குண்டு என்றனர்.

மறுநாள், ஜனவரி 28 ஆம் திகதி, தோற்ற அணியை வரவேற்பதற்கு பஃபலோ மாநகர மண்டபத்தின் முன்னால் உள்ள நயாகரா சதுக்கத்தில் குளிரையும் பொருட்படுத்தாது பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர். மேடையில் வீரர்களின் பின்னால் ஒதுங்கி நின்றார் நோர்வூட். கூட்டத்தின் ஒரு பகுதியிலிருந்து எழுந்த குரல் படிப்படியாகப் பரவி, சதுக்கம் முழுவதும் ஒரே முழக்கமாகியது. எமக்கு ஸ்கொட் வேண்டும் என்பதே அம்முழக்கம். சக வீரர்கள் அவரை முன்னே தள்ளிவிட்டனர். ஒலிவாங்கியின் முன் சில கணங்கள் அவரால் பேச முடியவில்லை. பின்னர், இக்கணத்தில் உணரும் அன்பை முன்னர் எப்போதும் தாம் உணர்ந்ததில்லை என்ற கருத்தில் தழுதழுத்த குரலில் பேசினார்.

அம்மக்கள் தோல்வியை மறந்தவர்கள் அல்லர். பலர் அழுதுகொண்டே நின்றனர். ஆனால் தமது துயரத்தை அவர்கள் ஒருவர் தலையில் இறக்கிவைக்கவில்லை. தொழில் இழப்பது எப்படியிருக்கும், முயன்றும் தோற்பது எப்படியிருக்கும் என்பதை அறிந்த நகரம் அது. அந்த அறிவே அன்று கருணையாக வெளிப்பட்டது என்று நாம் கருதுகின்றோம்.

இதற்கு நேர்மாறான சம்பவங்களை உதைபந்தாட்ட உலகம் நன்கறியும். 1994 ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் தவறுதலாகத் தமது சொந்தக் கோலுக்குள் பந்தைச் செலுத்திய கொலம்பிய வீரர் அந்திரேஸ் எஸ்கோபார், நாடு திரும்பிய சில நாட்களில் மெடலின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1950 ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் உருகுவேயிடம் தோற்ற பிறேசில் அணியின் கோல் காப்பாளர் பார்போசா, அத்தோல்விக்கான பழியை 2000 ஆம் ஆண்டு மரணமாகும் வரை சுமந்தார். இவ்விருவரின் அணிகளிலும் மேலும் பத்துப் பேர் களத்தில் நின்றிருந்தனர் என்பதை அன்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பின்வந்த வருடங்கள்

அன்பு கிடைத்தது என்பதனால் காயம் ஆறிவிட்டது என்று கூறுவது உண்மையாகாது. நோர்வூட் மேலும் ஒரு பருவம் ஆடினார். 1992 ஆம் ஆண்டு ஜனவரியில் டென்வர் கழகத்துடனான அரையிறுதிக்கு ஒப்பான ஆட்டத்தில் பில்ஸ் 10 - 7 என வென்றபோது, அவர் உதைத்த 44 யார் பீல்ட் கோலே வெற்றியைத் தீர்மானித்தது. அதே ஆட்டத்தில் டென்வரின் உதையாளர் மூன்று முயற்சிகளைத் தவறவிட்டார். எனினும் அப்பருவம் முடிந்ததும் கழகம் வேறொருவரை ஒப்பந்தம் செய்து, நோர்வூட்டை விடுவித்தது. அதன் பின்னர் அவர் எந்தக் கழகத்துக்கும் ஆடவில்லை. அவரது கணக்கில் 184 முயற்சிகளில் 133 பீல்ட் கோல்களும், மொத்தமாக 670 புள்ளிகளும் எஞ்சின.

பில்ஸ் கழகம் அதனைத் தொடர்ந்த மூன்று வருடங்களிலும் சுப்பர் போல் வரை சென்று தோற்றது. தொடர்ந்து நான்கு தடவைகள் இறுதிக்கு வந்தமை வேறெந்தக் கழகமும் செய்யாத சாதனை. தொடர்ந்து நான்கு தடவைகள் தோற்றமையும் அவ்வாறே. எஞ்சிய மூன்று தோல்விகளும் உதையாளரால் ஏற்பட்டவை அல்ல. ஆயினும் அந்த நான்கின் அடையாளமாக நோர்வூட்டின் உதையே நிலைத்துவிட்டது. அவர் வேர்ஜீனியாவுக்குத் திரும்பி, காப்புறுதியிலும் பின்னர் வீடு, காணி விற்பனையிலும் ஈடுபட்டு, பல வருடங்கள் பொதுவெளியைத் தவிர்த்து வாழ்ந்தார். 2015 ஆம் ஆண்டு பில்ஸ் கழகத்தின் நான்கு தோல்விகளைப் பற்றி வெளிவந்த ஆவணப்படத்தில் தோன்றி அந்நாளைப் பற்றி அமைதியாகப் பேசினார்.

வெற்றிக்கும் தோல்விக்கும் இடைப்பட்ட தூரம் எவ்வளவு என்பதை உணர்த்த மற்றுமோர் உதையாளரை இங்கு நினைவூட்டலாம். நோர்வூட்டைப் போலவே வீரர் தெரிவில் எவராலும் தெரிவு செய்யப்படாதவர் அடம் வினாற்றியெரி. 2002 ஆம் ஆண்டு பெப்ரவரி 3 ஆம் திகதி சுப்பர் போல் ஆட்டத்தின் இறுதிக் கணத்தில் அவர் உதைத்த பந்து 48 யார் கடந்து உள்ளே சென்றது. நியூ இங்கிலாந்து கழகம் வென்றது. அவர் 2019 ஆம் ஆண்டுப் பருவம் வரை ஆடி 2,673 புள்ளிகளுடன் லீக் வரலாற்றின் உச்சியை அடைந்தார். அன்று நியூ இங்கிலாந்தின் தலைமைப் பயிற்றுநராக நின்ற பில் பெலிசிக், 1991 ஆம் ஆண்டு தம்பாவில் ஜயன்ட்ஸ் கழகத்தின் தற்காப்புப் பயிற்றுநராக நோர்வூட்டின் உதையைப் பார்த்துக்கொண்டு நின்றவர். ஒன்று 47 யார், மற்றையது 48 யார். கம்பத்திலிருந்து விலகிய சிறு தூரம் இரு மனிதரின் பெயர்களை இரு வேறு ஏடுகளில் எழுதிவைத்தது.

இதனால் சிறப்பாக ஆடியவரையும் தவறியவரையும் ஒன்றாக மதிப்பிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. உதையாளரின் தொழிலே பந்தை உள்ளே செலுத்துவதுதான்; தவறினால் கழகம் வேறொருவரைத் தேடுவதும் தொழில் நியதியே. ஆனால் பணியின் குறையைச் சுட்டுவது வேறு, மனிதரை இழிவுபடுத்துவது வேறு. 1998 ஆம் ஆண்டுப் பருவத்தில் மினசோட்டா கழகத்தின் கரி அன்டர்சன் முயன்ற 35 பீல்ட் கோல்களையும் தவறாது பெற்றார். 1999 ஆம் ஆண்டு ஜனவரியில் சுப்பர் போலுக்கு முந்திய ஆட்டத்தில் 38 யாரிலிருந்து ஒன்றைத் தவறவிட்டார், கழகம் தோற்றது. முப்பத்தைந்தை எண்ணாது ஒன்றை மாத்திரம் எண்ணும் கணக்கு எவ்வகையிலும் நேர்மையான கணக்காகாது.

மீண்டும் அதே நகரம்

முப்பத்து மூன்று வருடங்களின் பின்னர் பஃபலோவுக்கு அதே சோதனை மீண்டும் வந்தது. 2024 ஆம் ஆண்டு ஜனவரி 21 ஆம் திகதி கன்சாஸ் சிற்றி கழகத்துடனான ஆட்டத்தில் பில்ஸ் 27 - 24 எனப் பின்தங்கியிருந்தபோது, உதையாளர் டைலர் பாஸ் 44 யாரிலிருந்து உதைத்த பந்து மீண்டும் வலப்பக்கமாகவே விலகிச் சென்றது. 1991 ஆம் ஆண்டில் இல்லாத ஒன்று இப்போது இருந்தது. முகம் காட்டாதோர் சமூக ஊடகங்களில் வசைமாரி பொழிந்தனர். பாஸ் தமது கணக்கையே மூடிவிட நேர்ந்தது.

ஆனால் நயாகரா சதுக்கத்தின் பண்பு அந்நகரில் மறைந்துவிடவில்லை. ஆதரவற்ற பூனைகளைப் பேணும் உள்ளூர் நிலையமொன்றுக்கு பாஸ் முன்னர் உதவியிருந்ததை அறிந்திருந்த இரசிகர்கள், அவரது சட்டையின் 2 ஆம் இலக்கத்தைக் குறிக்கும் வகையில் 22 டொலர் வீதம் அந்நிலையத்துக்கு அனுப்பத் தொடங்கினர். சில நாட்களிலேயே அது இலட்சக்கணக்கான டொலர்களாகப் பெருகியது. தோல்வியின் மறுநாள் ஒரு பகுதியினர் வசையை அனுப்ப, மற்றொரு பகுதியினர் ஒருவரின் நற்செயலைத் தேடிச்சென்று அதற்குத் துணைநின்றனர். ஒரே நகரம், ஒரே தோல்வி; இரு வேறு வழிகள்.

உதையாளரின் தொழில் எமக்கு உணர்த்துவது இதனையே. கூட்டு முயற்சி எதிலும் இறுதியில் யாரோ ஒருவர் முன்னே நிற்கவேண்டியுள்ளது. அவருக்கு முன்னர் பிடிக்கத் தவறியவர், ஓடத் தவறியவர், திட்டமிடத் தவறியவர் பலர் இருந்திருப்பர். அவர்களின் தவறுகள் ஆட்டத்தின் நடுவில் புதைந்துவிடுகின்றன. இறுதியில் நின்றவரின் தவறு மாத்திரமே கண்ணுக்குப் புலப்படுகின்றது. கண்ணுக்குத் தெரிந்ததையே காரணம் எனக் கொள்வது எளிது, அது நியாயமாகிவிடாது.

நோர்வூட் அன்றிரவு பழியைப் பிறர்மீது தள்ளவில்லை. மறுநாள் அந்நகரமும் அப்பழியை அவர்மீது தள்ளவில்லை. இவ்விரண்டுள் முதலாவது ஒரு மனிதரின் கண்ணியம். இரண்டாவது ஒரு சமூகத்தின் கண்ணியம். கிண்ணம் நியூயோர்க் நகருக்கே சென்றது. ஆயினும் அந்த 25 ஆவது சுப்பர் போலைப் பற்றிப் பேசப்படும்போதெல்லாம், தோற்ற நகரின் சதுக்கத்தில் எழுந்த அந்த முழக்கமும் சேர்ந்தே நினைவுகூரப்படுகின்றது.